கேப்டன் கரையானும் கம்பெனி நாயும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் கையால் நான் ஒரு நல்லவனைக்கூடச் செய்ததில்லை. செய்த பொம்மைகள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் அயோக்கியர்கள். அதிலும் ஊரறிந்த பெரிய அயோக்கியர்கள் கிடையாது. காமிக்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு கதையில் தலைகாட்டி, கடைசிப் பக்கத்தில் மலையுச்சியிலிருந்து விழுந்து, அடுத்த மாதம் பேர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போகிற சில்லறை அயோக்கியர்கள்.

அது எண்பதுகளின் ஆரம்பம். எனக்குப் பத்தொன்பது வயசு. பேரணாம்பட்டில் வீடு. என் பேர் பரிமளா. (இந்தப் பேரைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.)

என் அண்ணன் வாடகை நூல்நிலையத்திலிருந்து காமிக்ஸ் கொண்டுவருவான். அவனுக்கு ஹீரோதான் எல்லாம். எனக்கு அந்த ஹீரோவைப் பார்த்தாலே எரிச்சல். மாசாமாசம் அதே முகம், அதே குத்து. வில்லன்தான் பாவம், மூளையைக் கசக்கி ஏதாவது புதுசாக யோசிப்பான். கேப்டன் கரையான் என்று ஒருத்தன் வந்தான். பீரங்கியும் வேண்டாம், வாளும் வேண்டாம். எதிரிக் கப்பலின் பலகைக்குள் ஒரு டப்பா கரையானை விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பான். ஆறே மாசத்தில் கப்பல் தானாக மூழ்கும். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு! டாக்டர் தும்மல் ஊர் முழுக்க மூக்குப்பொடியைத் தூவி, ஜனங்கள் தும்மிக்கொண்டிருக்கும்போது பேங்கைக் கொள்ளையடிப்பான். சாம்பல் சீமாட்டி தொட்டதெல்லாம் சாம்பலாகிவிடும். அப்படியானால் அவள் எப்படிச் சோறு சாப்பிடுவாள்? கதை எழுதியவர் அதை யோசிக்கவே இல்லை. நான் யோசித்தேன். யோசித்து, அவளுக்குக் கைப்பிடி நீளமான ஒரு கரண்டியும் செய்து கொடுத்தேன். கைப்பிடி சாம்பலாகி முடிவதற்குள் நாலு வாய் சாப்பிட்டுவிடலாம்.

சரி, எதில் செய்தேன்? எங்கள் நைனாவுக்குத் தோல் பதம் போடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தொட்டியில் ஊறவைத்து முடி எடுத்த தோலின் ஓரங்களை வெட்டிக் கழித்துவிடுவார்கள். இன்னும் பதம் போடாத பச்சைத் தோல் அது. ஈரமாக இருக்கும்போது சொன்னபடி வளையும், காய்ந்தால் மாட்டுக் கொம்பு மாதிரிக் கெட்டியாகிவிடும். முகம் செய்ய அதைப்போல ஒன்று கிடையாது. கோலிக்குண்டின்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் தலை. கொட்டைப்பாக்கின்மேல் கட்டினால் டாக்டர் தும்மலின் மூக்கு. தோள்பட்டையிலும் இடுப்பிலும் டிச் பட்டன் வைத்தேன். கேப்டனுக்கு மட்டும் இடுப்பில் ஒரு கம்பியும் உண்டு. கேப்டன் கையைத் தூக்குவார், இறக்குவார், கடலைப் பார்த்துத் திரும்புவார். அந்தக் காலத்தில் பேரணாம்பட்டில் இடுப்பைத் திருப்புகிற பொம்மை வேறு யாரிடம் இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்!

தையல் கற்றுக்கொண்டது அண்ணனின் ஃபுட்பாலிடம். பந்தில் ஒரு முடிச்சுகூட வெளியில் தெரியாதே, கடைசித் தையலை எப்படிப் போட்டு மூடுகிறார்கள் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. நாலாம் நாள் பந்தைப் பிரித்துவிட்டேன். அண்ணன் வந்து என்னைப் பிரித்து மேய்ந்துவிட்டான். போகட்டும், ரகசியம் கிடைத்துவிட்டது. ரெண்டு ஊசி, ஒரே மெழுகு நூல். ஒரே ஓட்டையில் எதிரெதிராக விட்டு இழுக்கவேண்டும். முடிச்சைக் கடைசியில் தையலுக்குள்ளேயே இழுத்து விழுங்கவைக்க வேண்டும்.

வாசனை? அப்படி ஒரு சமாச்சாரம் உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மூக்கு மூச்சு விடுவதற்கு மட்டும்தான். ரயிலில் போகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்ததும் ஜன்னலைச் சாத்துவார்கள். குளிருகிறது போலிருக்கிறது, பாவம், என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

இப்படி நானும் என் வில்லன்களும் சௌக்கியமாக இருந்த காலத்தில் அரக்கோணத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். ரயில்வே உத்தியோகம், நல்ல குடும்பம். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அலமாரியைப் பார்த்தவர், "இவங்கல்லாம் யாரு?" என்றார். கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் பதினொரு பேரின் வரலாற்றையும் சொன்னேன். (பஜ்ஜி ஆறிவிட்டது.) எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு கிருஷ்ணர், ஒரு புள்ளையார்னு செய்யக்கூடாதா? ஏன் இந்த அசிங்கமெல்லாம்?" என்றார். அவருடைய அம்மா, "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் சரியாப் போய்டும். இந்தத் தோல் சமாச்சாரமெல்லாம் இங்கியே கொட்டிட்டு வந்துடு கண்ணு" என்றார்கள்.

கொட்டிட்டு! அந்த ஒரு வார்த்தைதான் காதிலேயே நின்றது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த வாரமே பக்கத்து வீட்டு ஷாஹிதா ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிறவள். "ஏய், சாம்பிள் ரூம்ல ஆள் எடுக்கறாங்கடி. ஃபாரினுக்கு அனுப்பற முதல் ஜோடி அங்கதான் தைப்பாங்க. இதுவரைக்கும் பொம்பளைங்களை உள்ள சேர்த்ததே இல்ல. உன் கைக்கு அதான் சரியான எடம். நீயே தெச்சது எதுனா எடுத்துனு வர்ணும், அவ்ளோதான்."

நைனாவிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். யோசித்துவிட்டு, "போய்ட்டு வா. கெடச்சா அரக்கோணத்துக்கு வேணாம்னு லெட்டர் போட்டுடறேன். கெடைக்கலன்னா தை பொறந்ததும் தாலி. அப்பால அழக்கூடாது" என்றார். பேச்சு முடிந்தது. வேலை கிடைத்தால் நானும் என் கையும் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் பதினொரு பேருக்கும் குப்பைமேடு, எனக்கு அரக்கோணம்.

நைனா இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பொம்மைங்களை எடுத்துனு போகாத பாப்பா. பதம் போடாத தோலு. தண்ணி பட்டா பேஜாராய்டும். பேசாம ஒரு பர்ஸ் தெச்சு எடுத்துனு போ."

"பர்ஸ் எல்லாரும்தான் தைப்பாங்க நைனா" என்றேன். பத்தொன்பது வயசுத் திமிர், வேறென்ன! சுண்ணாம்புத் தொட்டியில் இருபது வருஷம் நின்ற மனுஷனுக்குத் தோலைப் பற்றித் தெரியாதாம், காமிக்ஸ் படித்த எனக்குத் தெரியுமாம்.

ஐப்பசி மாசம். பஸ் ஏறும்போது தூறல், கொஞ்ச தூரம் போனதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. என் சீட்டுக்கு மேலே ஒழுகியது. நான் தலையில் தாவணியைப் போட்டுக்கொண்டேன், மடியில் இருந்த மஞ்சப்பையை மறந்துவிட்டேன். அதற்குள்தான் மூன்று பேர்: கேப்டன், டாக்டர், சீமாட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "எதுவோ செத்துக்கிடக்குதும்மா இந்த பஸ்ல" என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினேன். கண்டக்டரிடம், "இன்னாங்க, பஸ்ஸைக் கழுவுறதே இல்லியா?" என்றுகூடக் கேட்டேன். (என் பேர் பரிமளா என்பதை இந்த இடத்தில் மறுபடியும் நினைத்துக்கொள்ளவும்.)

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வளர்த்த ஒரு நாய் இருந்தது. பேர் டைகர். எலும்பும் தோலுமாக இருக்கும், பேர்தான் டைகர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. வாலை ஆட்டியது. நான் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மஞ்சப்பைக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தது. முதல் நாளே கம்பெனியில் எனக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கு ஒரே பெருமை.

பெஞ்சில் இன்னும் நாலு பையன்கள் காத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, ஃபைலில் சர்டிபிகேட், ஆளுக்கொரு அழகான தோல் பர்ஸ் அல்லது பெல்ட். (அதில் ஒருத்தர் பேர் தனசேகரன், குடியாத்தம். பிற்பாடு என் வீட்டுக்காரர் ஆனவர். அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இதை அவர் இன்றுவரை மறுக்கிறார்.)

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே ரெண்டு பேர். ஒருத்தர் மெட்ராஸிலிருந்து புதுசாக வந்த மேனேஜர், கையில் சென்ட் போட்ட கைக்குட்டை. இன்னொருத்தர் சாம்பிள் ரூம் பொறுப்பில் இருந்த காதர் மாஸ்டர். நைனாவைப்போல இவரும் வாய் திறக்காத ஜாதி.

"தெச்சது இன்னா கொண்ணாந்தே?" என்றார் மாஸ்டர்.

நான் ஜம்பமாகப் பையைத் திறந்து மூன்று பேரையும் மேஜையில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது தப்பு. அவர்கள் நிற்கவில்லை. மழைத் தண்ணீரில் ஊறி எல்லாரும் பழையபடி பச்சைத் தோலாகியிருந்தார்கள். டாக்டர் தும்மலின் மூக்கு உப்பிப்போய் வாய்வரை தொங்கியது. சீமாட்டி மெதுவாகச் சாய்ந்து கேப்டனின் தோளில் விழுந்தாள். கேப்டன் மட்டும் இடுப்பில் கம்பி இருந்ததால் ஒரு மாதிரி உட்கார்ந்தார்.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "சார், இவர் கேப்டன் கரையான். கப்பல் பலகைல கரையான் விட்டுக் கப்பலை மூழ்கடிப்பாரு. கை தூக்குவாரு, இப்பக் கொஞ்சம் ஈரமா இருக்கறதால..."

கேப்டனின் கையைத் தூக்கினேன். நீளமாக வந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்தார். "ஏம்மா, நாங்க ஷூ எக்ஸ்போர்ட் பண்றோம். தெரியும் இல்ல?"

"தெரியும் சார்."

"இதுல ஒரு ஹீரோகூட இல்லியா?"

"ஹீரோ செய்யறதில்ல சார்."

அப்போதுதான் அவருக்கு அது எட்டியது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்தார். "என்ன நாத்தம் இது? ஐயோ, கதவைத் தொறங்க!" என்றவர், யாரும் திறப்பதற்குள் தானே ஓடிப்போய்த் திறந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் டைகர் காத்திருந்தது.

ஒரே தாவல். மேஜைமேல் ஏறி, கேப்டனின் தலையைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. மேனேஜர் கதவோடு சாய்ந்தார். நான் "ஐயோ என் கேப்டன்!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வேலைக்கு வந்த பெண், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பெனி முழுக்க நாயைத் துரத்துகிறேன். வராந்தாவைத் தாண்டி, தோல் வெட்டுகிற ஹாலைத் தாண்டி, மிஷின் ஹாலுக்குள் நுழைந்தோம். அத்தனை மிஷினும் நின்றது. பெண்கள் எல்லாம் எழுந்து நின்று சிரிக்கிறார்கள். ஷாஹிதா ஸ்டூல்மேல் ஏறி, "வுடாதடி! அந்தப் பக்கம் மடக்கு!" என்று கத்துகிறாள். பெஞ்சில் இருந்த நாலு பையன்களும் வேடிக்கை பார்க்க ஓடிவந்துவிட்டார்கள். எனக்கு அவமானம், அழுகை, ஆத்திரம் மூன்றும் ஒன்றாக வந்தது. அரக்கோணம் ரயில் விசில் காதிலேயே கேட்டது.

ஹால் மூலையில் ஒரு மேஜைக்கு அடியில் மடக்கிவிட்டேன். டைகர் தலையை விடவில்லை. நான் கேப்டனின் காலை விடவில்லை. அது உறுமிக்கொண்டு இழுத்தது, நான் திட்டிக்கொண்டு இழுத்தேன். (என்ன திட்டினேன் என்பதை எழுதமுடியாது. ஷாஹிதாவுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.) கடைசியில் முகத்துத் தோல் பிய்ந்து நாயின் வாயோடு போனது. நான் மல்லாக்க விழுந்தேன். கையில் மிச்சம் இருந்தது கழுத்துக்குக் கீழே இருக்கிற கேப்டன். முகத்தை டைகர் என் கண் எதிரிலேயே மென்று தின்றது. அந்த முகத்துக்கு நான் ஒன்றரை மாசம் செலவழித்திருந்தேன். அழுதுவிட்டேன். நாய்க்கு முன்னால், நூறு பேருக்கு முன்னால், ஏங்கி ஏங்கி அழுதேன்.

மேனேஜர் கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார். சிரிப்பை அடக்கமுடியவில்லை அவருக்கு. "போனாப் போகுது விடும்மா. குப்பைதானே" என்றார்.

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. முதலில் "அசிங்கம்", அப்புறம் "கொட்டிட்டு வா", இப்போது "குப்பை". ஒரு மாசத்தில் மூன்று தடவை! எழுந்து நின்று தலையில்லாத கேப்டனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"குப்பை இல்ல சார்! தோலு தப்பு, ஒத்துக்கறேன். பதம் போடாத தோலு, எங்க நைனா அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல. ஆனா என் தையலைப் பாருங்க. உங்க நாய் இவ்ளோ நேரம் கடிச்சு இழுத்துச்சே, ஒரு தையல் வுட்டுச்சா? ஒண்ணே ஒண்ணு வுட்டிருந்தாலும் சொல்லுங்க, நான் இப்பவே பஸ் ஏறிப் போய்டறேன்!"

மேனேஜர் ரெண்டடி பின்னால் போனார். (கோபத்துக்குப் பயந்தா, வாசனைக்குப் பயந்தா என்று தெரியவில்லை.) காதர் மாஸ்டர் முன்னால் வந்து கேப்டனை வாங்கினார். அவர் எங்கள் பக்கத்து ஆள், மூக்கு ஒன்றும் செய்யவில்லை. கழுத்துத் தோல் கந்தலாகத் தொங்கியது. தோள்பட்டைத் தையல் அப்படியே இருந்தது. ரெண்டு கட்டைவிரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. மேஜையிலிருந்து குறடு எடுத்து ஒரு பக்கத்தைக் கவ்விப் பலமாக இழுத்தார். தோல் கிழிந்தது, நூல் அசையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சு எங்கம்மா?"

"உள்ள இருக்குது மாஸ்டர்."

"யார் கத்துக் குடுத்தாங்க?"

"ஃபுட்பால்."

மாஸ்டர் அப்போதும் சிரிக்கவில்லை. திரும்பி, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தனசேகரன் கையிலிருந்த பர்ஸை வாங்கினார். அழகான பர்ஸ், பளபளவென்று பாலிஷ். அதே குறடால் ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு. 'டர்ர்' என்று தையல் முழுக்கப் பிரிந்து பர்ஸ் வாயைப் பிளந்தது. பிரிந்ததை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்: "சார், மத்த மூணு பேரோடதையும் நான் இழுக்கட்டுமா, இல்ல நாய்கிட்டப் போடலாமா?"

மிஷின் ஹால் முழுக்க அப்படி ஒரு சிரிப்பு. மேனேஜரும் சிரித்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார்கள். மாஸ்டர் ரெண்டு நிபந்தனை போட்டார்: வில்லன்கள் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது; தோல் எதுவென்று அவர்தான் முடிவு செய்வார், நான் வாயைத் திறக்கக்கூடாது. ரெண்டுக்கும் தலையாட்டினேன்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் நைனா குடையோடு நின்றுகொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்தார்: தாவணியெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு, கையில் தலையில்லாத கேப்டன். வேலை கிடைத்ததா என்று கேட்கவே பயந்தார். "கெடச்சுது நைனா" என்றதும், மழையில் குடையை மடக்கிவிட்டு நின்றார். ஏன் மடக்கினார் என்று அவருக்கே தெரியாது. நடந்ததை வீடுவரைக்கும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அரக்கோணத்துக்கு லெட்டர் எழுதினார். அதில் என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நாய் என்று எழுதியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அந்த சாம்பிள் ரூமில் முதல் பெண் நான்தான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். என் பின்னால் ஷாஹிதாவும் வந்தாள், இன்னும் ஆறு பேர் வந்தார்கள். காதர் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். தனசேகரனுக்கு வெட்டுகிற ஹாலில் வேலை கொடுத்தார்கள். பர்ஸ் பிரிந்த கோபத்தில் மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. நாலாம் மாசம் வந்து, "அந்த முடிச்சை எப்படிப் போடறது?" என்று கேட்டார். கேட்டதற்குச் சொல்லிக் கொடுத்தேன், பேச்சு வளர்ந்தது, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு பொருள் புதுசாக வந்தால், செருப்போ ஸ்கூல் பையோ, யாராவது ஒருத்தர் கேட்காமல் விடமாட்டார்கள்: "நாய்கிட்டக் காட்டியாச்சா?" போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்மந்தி அம்மாவுக்கு நானே தைத்த கைப்பை ஒன்று கொடுத்தேன். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷி, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குது. தையல் தாங்குமா?" என்று கேட்டுவிட்டார்கள். என் மகள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். அண்ணன் காப்பியைத் துப்பிவிட்டான். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "கவலையே படாதீங்க. இவங்க தையலை ஆம்பூர்லயே பெரிய ஆபீசர் ஒருத்தர் நேர்ல செக் பண்ணி பாஸ் போட்டிருக்காரு. கையெழுத்து வெக்கமாட்டாரு, பல்லுதான் வெப்பாரு."